எம்.ஜி.பி.க்கு எந்தக் கார்புரேட்டர்?

இங்கிலாந்தில் பணிபுரியும் என் தமையனார் பழைய எம்.ஜி.பி. கார் ஒன்று வாங்கினார். நின்றபடி ஓடும்போது அதன் எஞ்சின் தடுமாறுகிறது. இரண்டு மாதச் சேமிப்பைக் கொடுத்து வெபர் கார்புரேட்டர் வாங்கலாமா என்று என்னைக் கேட்டார். இயந்திரவியல் படிக்கும் தம்பியல்லவா!

காற்றையும் பெட்ரோலையும் அளவாகக் கலப்பதே கார்புரேட்டரின் வேலை. 1962இல் ஆபிங்டனில் பிறந்த எம்.ஜி.பி.யின் 1,798 சி.சி. எஞ்சினுக்கு இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்களைப் பொருத்தினர். எஞ்சின் இழுக்கும் காற்றுக்கேற்ப எஸ்.யூ.வின் பிஸ்டன் தானே ஏறி இறங்கும். அதனோடு கூம்பிய ஊசியும் எழுந்து பெட்ரோலுக்கு வழிவிடும். வெபரிலோ காற்றுவழியின் அகலம் மாறாது. ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஏற்ற ஜெட்டுகளைத் தேர்ந்து பொருத்த வேண்டும். கேம்ஷாப்டும் சிலிண்டர் ஹெட்டும் மாற்றிய பந்தய எஞ்சினில்தான் அதன் முழுப் பயன் தெரியும்.

தடுமாற்றத்தின் காரணம் யாது? த்ராட்டில் தண்டு தேய்ந்தால் இடுக்கு வழியே காற்று புகும், கலவை மெலியும். எஞ்சின் ஓடுகையில் தண்டை மெல்ல அசைத்துப் பார்க்கும்படி எழுதினேன். தண்டு ஆடியது, எஞ்சினின் ஓசையும் மாறிற்றாம்! புதிய தண்டும் புஷ்ஷும் போட்டு, இரண்டு கார்புரேட்டர்களும் சமமாகக் காற்றிழுக்கும்படி திருத்தினார். தடுமாற்றம் நின்றது, சேமிப்பும் தப்பியது.

தண்டோடு உடலும் மிகத் தேய்ந்திருந்தால் புதிய எஸ்.யூ. இணையையே வாங்கச் சொல்லியிருப்பேன். நண்பர்களே, பழுதை அறியாமல் பொருளை மாற்றுவது பொறியாளனுக்கு அழகன்று.