மலிவு ரயரும் மாரிமழையும்

ரயரைப்பற்றி எழுதுவதற்கு இந்தப் பக்கமா இடம் என்று வாசகர் சிலர் நெற்றியைச் சுருக்கக்கூடும். சாரதிகள் கூடியிருந்து பேசும் பேச்சைச் செவிமடுத்தவர்கள் அவ்வாறு கேளார். புதிதாக வாங்கிய நான்கு ரயர்களை ஒருவர் புகழத் தொடங்கினால், உவமைகள் தாமாக வந்து விழுகின்றன. 'வளைவிலே உடும்புபோலப் பிடிக்கிறது' என்பார் ஒருவர். 'இரைச்சலே இல்லை, பாயிலே படுத்ததுபோல இருக்கிறது' என்பார் மற்றவர். பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைச் சொல்லும்பொழுதுகூடச் சிலர் இத்துணை உவகை கொள்வதில்லை. அந்தப் புகழ்மொழியில் உண்மை எவ்வளவு, ஆசை எவ்வளவு என்பதே இங்கு நம் விசாரணை. உயிரோடு தொடர்புடைய பொருளாதலின் விசாரிக்கவேண்டிய கடப்பாடும் உண்டு.

நாம் எடுத்துக்கொண்ட ரயர் ஒரு தனி வகை. அகன்ற மிதிதளம், குட்டையான பக்கச்சுவர், அம்புக்குறிபோல் வெட்டிய தவாளிப்புகள், மணிக்கு 240 அல்லது 270 கிலோமீற்றர் வேகத்தைத் தாங்கும் என்று காட்டும் 'வீ', 'டபிள்யூ' ஆகிய எழுத்துக்கள்: இவை அதன் இலக்கணம். வேகத்திறன் ரயர் என்று தமிழில் வழங்கலாம். பெயர்பெற்ற பெரிய நிறுவனங்கள் உயர்ந்த விலைக்கு விற்றுவந்த இவ்வகையை இன்று சீனா, இந்தோனேசியா, தாய்லாந்து முதலிய நாடுகளின் தொழிற்சாலைகள் வெகு குறைந்த விலைக்குத் தருகின்றன. இலங்கையின் அதிவேகப் பாதையிலும் 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடச் சட்டம் இடந்தரவில்லை. அப்படியிருக்க 270 எதற்கு என்று கேட்பது நியாயமே. வேகத்துக்காக அன்று, பிடிமானத்துக்காகவும் விரைந்து நிற்பதற்காகவும் என்று சாரதிகள் விடையிறுப்பர். விடை சரிதான். தோற்றப் பொலிவும் ஒரு காரணம் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

றப்பர் விளையும் நாட்டவர் ரயருக்கு இவ்வளவு கணக்குப் பார்க்க நேர்ந்ததே ஒரு விந்தை. 1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்கு வந்த விதைகளில் முளைத்த நாற்றுக்கள், அவ்வாண்டிலேயே கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தை வந்தடைந்தன. 1952-இல் றப்பரைச் சீனாவுக்குக் கொடுத்து அரிசி பெறும் உடன்படிக்கை செய்தோம். பின்னர் சோவியத் உதவியுடன் களனியில் ரயர்த் தொழிற்சாலை எழுந்தது. பாரந்தூக்கும் வண்டிகளுக்கான திண்ம ரயர் ஆக்கத்தில் இலங்கை இன்று உலகின் முன்வரிசையில் நிற்கிறது. ஆயினும் 2020-இல் செலாவணி முடை வந்தபொழுது வாகன இறக்குமதி நின்றது. ரயர் இறக்குமதியும் கட்டுப்பாட்டுக்குள்ளாயிற்று. 2022-இல் ரூபாவின் பெறுமதி சரிந்ததும் நான்கு ரயர்களின் விலை ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தை விழுங்கலாயிற்று. 2025 பெப்ரவரியில் வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கின. விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. எனவே மலிவு ரயரை நாடுவோரைக் கஞ்சர் என்று எள்ளுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

இனிச் சாரதிகளின் சாட்சியத்துக்கு வருவோம். அதில் உள்ள பெருங்குறை ஒன்று எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒருவர் புதிய மலிவு ரயரை எதனோடு ஒப்பிடுகிறார்? தாம் நேற்றுக் கழற்றியெறிந்த பழைய ரயரோடு. அது ஐந்தாறு ஆண்டு ஓடி, வெயிலில் காய்ந்து, தவாளிப்பு மறைந்து மொட்டையானது. எவ்வளவு உயர்ந்த பெயர் அதன் பக்கச்சுவரில் பொறித்திருந்தாலும், இறக்கும் தறுவாயில் இருந்த ஒன்றை நேற்றுப் பிறந்த ஒன்று வெல்வதில் வியப்பில்லை. 'விலைகூடிய ரயரைவிட இது திறம்' என்று அவர் நெஞ்சறியச் சொல்லும் வார்த்தை பொய்யன்று. ஆனால் அது ரயரின் தரத்தைப் பற்றிய வார்த்தையும் அன்று. புதுமையைப் பற்றிய வார்த்தை அது.

தென்மராட்சிப் பக்கத்து வாடகைக் கார்ச் சாரதி ஒருவர் இதை நன்கு அறிந்திருந்தார். பூட்டிய கிழமையே அவருடைய ரயர்களைப்பற்றி வினவியபொழுது, 'புதுச்செருப்பு முதல்நாள் எல்லாருக்கும் வடிவுதான், ஐயா. மாரி வரட்டும், அப்ப சொல்லுறன்' என்றார். அவர் கேட்ட தவணை மிக நியாயமானது. உலர்ந்த தெருவில் மட்டமான ரயரும் மாண்புடைய ரயரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். வேறுபாட்டைத் தண்ணீரே காட்டிக்கொடுக்கும்.

தண்ணீர் செய்யும் வேலையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். தரையைத் தொடும் ரயரின் பரப்பு ஏறக்குறைய ஒரு மனிதனின் உள்ளங்கை அளவே. மழைநாளில் அந்த உள்ளங்கைக்கு முன்னே தேங்கும் நீரைத் தவாளிப்புகள் இடையறாது வாரி வெளியே தள்ளினால்தான் றப்பர் தரையைத் தொடும். தள்ளமுடியாத வேகம் வந்ததும், நீர் ஆப்புப்போல் அடியிற் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். அப்பொழுது சுக்கானைத் திருப்பினாலும் பிறேக்கை அழுத்தினாலும் பயனில்லை. 1963-இல் நாசா ஆய்வாளர்களான ஹோர்ன், டிரெஹர் இருவரும் இந்த மிதப்பைப்பற்றி வெளியிட்ட ஆய்வில் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. மொட்டை ரயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்தை, மிகப் பெரும்பாலும் அதனுள்ளிருக்கும் காற்றின் அழுத்தமே தீர்மானிக்கிறது. சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் அழுத்தமாயின் அவ்வேகம் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றர். காற்று 24 இறாத்தலாகக் குறைந்திருந்தால் ஏறத்தாழ 82. தெற்கு அதிவேகப் பாதையில் அனுமதிக்கப்பட்ட வேகம் 100 என்பதை இவற்றோடு சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டும். விலை குறைந்ததோ கூடியதோ, தேய்ந்த ரயருக்கும் காற்றுக் குறைந்த ரயருக்கும் இக்கணக்கில் சலுகை கிடையாது. பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீற்றர் ஆழம்வரை தேயவிடுகிறது. மழைநாட்டுச் சாரதி 3 மில்லிமீற்றரிலேயே பணத்தைத் தேடத் தொடங்குவது நல்லது.

அப்படியானால் தவாளிப்பு ஆழமாயுள்ள இரு புதிய ரயர்களுள் ஒன்று ஈரத்தில் நிற்கிறது, மற்றது வழுக்குகிறது, ஏன்? மிதிதளத்தின் வடிவை யாரும் பார்த்துப் பிரதிசெய்துவிடலாம். றப்பர்க் கலவையைப் பார்த்துப் பிரதிசெய்ய இயலாது. சமையலில் சட்டியின் அழகைப் பார்த்துக் கறியின் கைப்பக்குவம் அறியமுடியாததுபோல என்க. ரயர் வல்லுநர் மூன்று குணங்களை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டுவர்: ஈரத்திற் பிடிமானம், தேயாமை, எளிதில் உருளுதல். ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் விட்டுக்கொடுக்கும். கரிக்குப் பதிலாகச் சிலிக்காவைக் கலந்து இந்த முக்கோணத்தையே சற்றுப் பெரிதாக்கும் வழி 1990-களின் தொடக்கத்தில் வாணிபத்துக்கு வந்தது. பிரெஞ்சு நாட்டு மிசெலின் நிறுவனம் அதில் முன்னோடி. அக்கலவைக்கு விலைகூடிய துணைப்பொருள்களும் பொறுமையான கலப்பும் வேண்டும். விலையைக் குறைக்க விரும்பும் தொழிற்சாலை முதலிற் கைவைப்பது இங்கேதான். அதன்பின் இரண்டில் ஒன்று நிகழும். மிருதுவாக்கினால் பிடிமானம் உண்டு, இரண்டு ஆண்டில் தேய்ந்துபோகும். கடினமாக்கினால் நெடுங்காலம் உழைக்கும், மழையிற் கைவிடும். சாரதிகளுள் ஒருசாரார் 'நல்லாய்ப் பிடிக்குது, உழைக்காது' என்பதும், வேறொருசாரார் 'சாகாது, ஆனால் சறுக்குது' என்பதும் முரண்பட்ட சாட்சியங்கள் அல்ல. இரு தொழிற்சாலைகள் இரு வழியில் மிச்சம்பிடித்ததன் விளைவுகள் அவை.

ரயரின் பக்கச்சுவரிலே இதற்கெல்லாம் விடை எழுதியிருக்கிறதே என்று படித்தவர்கள் சொல்வர். எழுதியிருப்பது உண்மை. அமெரிக்க முறைப்படி தேய்வு எண் ஒன்றும், ஈரப் பிடிமான எழுத்து ஒன்றும், வெப்ப எழுத்து ஒன்றும் அங்கே உண்டு. தேய்வு எண்ணுக்கான சோதனை டெக்சாஸ் மாநிலத்தில் 400 மைல் சுற்றுப்பாதையில் 7,200 மைல் ஓட்டிச் செய்யப்படுவது. ஆனால் மதிப்பெண் இடுபவர் தயாரிப்பாளரே. தம் பிள்ளையின் விடைத்தாளைத் தாமே திருத்தும் ஆசிரியரின் நிலை அது. ஈரப் பிடிமான எழுத்தும் நேர்கோட்டிற் பிறேக் பிடிப்பதையே அளக்கிறது. கடுகண்ணாவை வளைவையோ இரம்பொடை இறக்கத்தையோ அது அறியாது. ஐரோப்பியர் 2012 நவம்பரில் கட்டாயமாக்கி 2021 மேயில் திருத்திய முத்திரைச் சீட்டு சற்றுத் தெளிவானது. ஈரப் பிடிமானத்தை அது ஒரே எழுத்தில் தருகிறது. நாம் வாங்கும் மலிவு ரயர் அங்கும் விற்கப்படுவதாயின் அந்த எழுத்தைத் தேடி அறியலாம். மலிவான பெயர்களுள்ளும் நல்ல எழுத்துப் பெற்றவை இருக்கின்றன.

விலை ஒன்றையே உரைகல்லாகக் கொள்வோர்க்கு இரண்டு வழக்குகளை நினைவூட்டலாம். 2007-இல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர், சீனாவில் ஆக்கப்பட்ட இலட்சக்கணக்கான ரயர்களைத் திரும்பப் பெறவேண்டிவந்தது. உருக்குப் பட்டிகள் பிரியாது காக்கும் மெல்லிய றப்பர்ப் பட்டை உள்ளே விடுபட்டதாகவோ மெலிந்ததாகவோ குற்றஞ்சாட்டப்பட்டது, தயாரிப்பாளர் மறுத்தனர். இதைக் கேட்டதும் 'மலிவின் குணம்' என்று தலையசைக்கத் தோன்றும். ஆனால் 2000-ஆம் ஆண்டிலே ஃபயர்ஸ்டோன் என்ற பெரும் பெயர் தாங்கிய ரயர்கள் 65 இலட்சம் திரும்பப் பெறப்பட்டன. ஃபோர்ட் எக்ஸ்புளோறர் வண்டிகளிலே அவற்றின் மிதிதளம் உரிந்து, வண்டிகள் புரண்டு, இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வண்டிக்காரர் குறித்த அழுத்தம் 26 இறாத்தல். ரயர்க்காரர் அது போதாது, 30 வேண்டுமென்றனர். குற்றம் யாருடையது என்ற வாக்குவாதத்தில் இரு நிறுவனங்களின் நெடுங்கால உறவே முறிந்தது. காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் கருவியை அந்நாட்டுச் சட்டம் புதிய கார்களிற் கட்டாயமாக்கியது இவ்வழக்கின் வழியேதான்.

கண்டி வீதியில் வவுனியாவைத் தாண்டி வடக்கே வரும் சாரதிகளுக்கு இச்செய்தி அயலாருடையதன்று. நேரான பாதை, கொதிக்கும் வெயில், ஐந்து பேரும் பொதிகளும். காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடிந்து நிமிர்ந்து தன்னுள்ளேயே சூட்டை வளர்க்கிறது. முறிகண்டியில் வண்டியை நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பவர்கள், அந்த ஐந்து நிமிடத்தில் புறங்கையால் நான்கு ரயர்களையும் தொட்டுப் பார்ப்பதுண்டு. ஒன்று மட்டும் மற்றவற்றிலும் மிகச் சுட்டால் அதிற் காற்று இறங்கியிருக்கிறது என்பது அவர்கள் அனுபவத்திற் கண்ட சோதனை. சூட்டோடு சூடாக அளந்து காற்றைத் திறந்துவிடுவோரும் உளர். அது தவறு. சூட்டினால் அழுத்தம் ஏறுவது இயல்பு. குளிர்ந்திருக்கும் காலையில் அளப்பதே கணக்கு.

குட்டைப் பக்கச்சுவரைப்பற்றியும் ஒரு வார்த்தை. அது வளைவிலே கார் ஆடாமல் நிற்க உதவும். குழியிலே சில்லைக் காப்பாற்றாது. மழைக்குப்பின் உள்ளூர்த் தெருவொன்றில் நீர் நிறைந்த குழியில் விழுந்த வேகத்திறன் ரயர், மறுநாள் பக்கவாட்டிற் கொழுக்கட்டைபோல் வீங்கி நிற்பதைக் கண்டவர் பலர். உள்ளிருக்கும் இழைகள் அறுந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். ஒட்டுப்போட்டு ஓட்டும் வழக்கம் இங்கு ஆகாது. வீட்டு வாசல்வரை தார் இல்லாதவர், தொழிற்சாலை குறித்த அளவை விட்டு அகலமும் குட்டையும் தேடிப்போவதில் நமக்கு உடன்பாடில்லை.

வாங்கும்பொழுது கடைக்காரர் காட்டாத எண் ஒன்று உண்டு. பக்கச்சுவரில் நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1423 என்றிருந்தால், 2023-ஆம் ஆண்டின் 14-ஆம் கிழமையில் பிறந்தது என்று பொருள். மலிவு விலைக்குக் காரணம் சில வேளை தொழிற்சாலையன்று, களஞ்சியத்திற் கிடந்த காலமே. ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களின் ரயர்கள் ஆழமான தவாளிப்போடு பளபளத்தாலும் இந்த எண்ணைப் பார்த்தபின்பே மகிழவேண்டும்.

இரண்டு ரயருக்கு மட்டும் பணம் உள்ளவர் அவற்றை எங்கே பூட்டுவது என்பது கராச்சுக்களில் தீராத வழக்கு. முன்சில்லே இழுக்கிறது, முன்சில்லே திரும்புகிறது, ஆகவே புதியது முன்னுக்கு என்பர் பெரும்பாலோர். ரயர் ஆய்வாளரின் தீர்ப்பு மறுதலையானது: புதியவை பின்னுக்கு. ஈரத்தில் முன்சில் வழுக்கினால் வண்டி நேரே போக முயலும். சாரதி வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சில் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுழலும். பழகிய கைக்கும் அது அடங்காது. இதை எடுத்துச் சொல்லியும் கேளாமல் முன்னுக்கே பூட்டிக் கொடுக்கும் கடைகள் உண்டு. பூட்டியபின் மாற்றச் சொன்னால் கூலி இரட்டிப்பு.