சிறாருக்கான காலைத் தானிய உணவும் பொட்டலக் குறிப்பும்

சிறாருக்கென விற்கப்படும் காலைத் தானிய உணவின் அட்டையில் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கமே சான்று. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள், மொத்தச் சர்க்கரையையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் தனித்தனியே குறிப்பிடப் பணிக்கின்றன. மூலப்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அமைகின்றன. ஆயினும் சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, தேன் எனப் பிரித்தெழுதும்போது ஒவ்வொன்றும் பட்டியலில் கீழிறங்கிவிடுவதால், வரிசையைவிடக் கிராம் கணக்கே நம்பத்தக்கது.

100 கிராமில் 30 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை உள்ள ஓர் உணவைச் சான்றாகக் கொள்ளலாம். ஒருவேளை அளவு 30 கிராம் எனில், குழந்தை உண்ணும் சர்க்கரை 9 கிராம். அதாவது இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று மிகுதி. உலக சுகாதார நிறுவனம் 2015இல், கட்டற்ற சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டிற்குள் அமைதல் வேண்டும் என்றும், 5 விழுக்காட்டிற்கும் குறைதல் மேலும் நன்று என்றும் பரிந்துரைத்தது. நாளொன்றுக்குச் சுமார் 1,360 கிலோகலோரி தேவைப்படும் ஐந்து வயதுக் குழந்தைக்கு 5 விழுக்காடு என்பது 17 கிராம். காலைக் கிண்ணமே அதில் பாதிக்கு மேல் தீர்த்துவிடுகிறது. கிண்ணத்தில் இடுவதை எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. பாலில் தனியே சர்க்கரை கலக்கும் இல்லங்களும் உள்ளன.

'பல்தானியம்' என்னும் சொல்லும் ஐயத்திற்குரியது. அது தானிய வகைகளின் எண்ணிக்கையைச் சுட்டுமேயன்றித் தவிடு நீக்கப்படாமையைச் சுட்டாது. அதனை ஓரளவு காட்டுவது நார்ச்சத்தின் அளவே: 100 கிராமில் 6 கிராமேனும் இருத்தல் நன்று. சர்க்கரை சேர்க்காத ஓட்ஸும் கேழ்வரகும் இவ்வளவைக் கடக்கின்றன. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் உண்டு. இனிப்பிற்கு நறுக்கிய வாழைப்பழம் போதுமானது.