சட்ட நுழைவுத் தேர்வும் வீட்டு வாசிப்பும்

மேனிலைப் பள்ளியின் இறுதியாண்டை எட்டும் நம் பிள்ளைகளுள் சிலர் இந்நாளில் சட்டம் பயில விழைகின்றனர். மருத்துவம், பொறியியல் என்னும் இரு வாயில்களை மட்டுமே அறிந்திருந்த நம் குடும்பங்களில் இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கென நடத்தப்பெறும் 'கிளாட்' என்னும் பொது நுழைவுத் தேர்வைக் குறித்துப் பெற்றோர் பலர் தவறான எண்ணம் கொண்டுள்ளனர். தடித்த சட்ட நூல்களை மனப்பாடம் செய்தவனே அதில் தேறுவான் என்பது அவர்தம் எண்ணம். மாணவர் முன்னரே சட்டம் அறிந்திருக்க வேண்டுமென அத்தேர்வு எதிர்பார்ப்பதே இல்லை. அது சோதிப்பது வாசிப்பை.

2008-ஆம் ஆண்டில் தொடங்கிய இத்தேர்வு 2020-இல் வடிவம் மாறியது. துணுக்கு வினாக்கள் நீங்கி, ஏறத்தாழ 450 சொற்கள் வரையிலான உரைப்பகுதிகளும் அவற்றையொட்டிய வினாக்களும் இடம்பெற்றன. 2023 டிசம்பரில் நடந்த தேர்வு முதல் வினாக்கள் 150-இலிருந்து 120-ஆகக் குறைக்கப்பட்டன. காலம் இரண்டு மணி நேரம். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் கழிக்கப்படும். வினாத்தாள் ஆங்கிலத்திலேயே அமைகிறது. உரைப்பகுதிகளின் சொற்களைக் கூட்டிப் பார்த்தால் எண்ணாயிரம், பத்தாயிரம் என வந்துவிடும். பாடநூலுக்கு எழுதப்பட்ட வினா-விடைக் கையேட்டையன்றி வேறெதையும் வாசித்தறியாத பிள்ளை அரை மணியில் களைத்துப் போவதில் வியப்பென்ன?

சட்டப் பகுதியை நோக்குவோம். 1903-ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சில், மொகரி பீபி வழக்கில் தீர்ப்பளித்தது. கல்கத்தாவில், சட்டப்படி வயது நிரம்பாத ஒருவர் தம் சொத்தை அடைமானம் வைத்துக் கடன் பெற்றிருந்தார். வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது. ஆகவே கொடுத்தவர் அதனைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெற இயலாது என்பதே தீர்ப்பின் சாரம். இக்கோட்பாட்டை விளக்கும் உரைப்பகுதி ஒன்றும், அதன்கீழ்ப் பதினேழு வயதினன் ஒருவன் கடன் வாங்கிய கதையும் வினாவாக வருவதாகக் கொள்வோம். நம் வீட்டுப் பிள்ளை என்ன விடை எழுதுவான்? "வாங்கியவன் திருப்பித் தர வேண்டாமா?" என்று அவன் மனம் கேட்கும். நல்ல வளர்ப்பின் அடையாளந்தான் அக்கேள்வி. ஆனால் மதிப்பெண் போய்விடும்! எழுதியவர் கூறியது எது, நாம் விரும்புவது எது என்று பிரித்தறியும் பொறுமை அங்கே வேண்டப்படுகிறது. அப்பொறுமை மூன்று மாதப் பயிற்சி வகுப்பில் விலைக்குக் கிடைப்பதன்று. பயிற்சி நிலையங்களை நாம் பழிக்கவில்லை. தேர்வின் போக்கையும் நேரப் பங்கீட்டையும் அவை கற்பிக்கும். வாசிப்பு வீட்டில்தான் வளர வேண்டும்.

எவ்வாறு வளர்ப்பது? நாள்தோறும் செய்தித்தாளின் தலையங்கம் ஒன்றைப் பிள்ளை வாசிக்கட்டும். (நம் இல்லங்களில் செய்தித்தாள் பெரும்பாலும் மரண அறிவிப்புக்கும் தங்க விலைக்கும் பயன்பட்டு, மறுநாள் அலமாரித் தட்டில் விரிக்கப்படுகிறது!) வாசித்தபின் தாளை மடித்து வைத்துவிட்டு, எழுதியவரின் கருத்து யாது, அதற்கு அவர் காட்டும் காரணம் யாது என்று இரண்டே வரிகளில் சொல்லட்டும். கேட்பவர் தாயாயினும் பாட்டியாயினும் ஒன்றே. கேட்பவருக்கு விளங்காவிடில் மீண்டும் தாளைப் பிரிக்கலாம். தெரியாத சொல்லுக்கு உடனே அகராதியைத் தேடாமல், முன்பின் வரிகளைக் கொண்டு பொருளை ஊகித்தபின் தேடுவது நலம். அச்சொல்லைத் தனியே எழுதாது, அது வந்த வாக்கியத்தோடு குறித்து வைக்க வேண்டும். கடிகாரம் முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். புரிதல் வந்தபின் வேகம் வரும்.

தமிழ் வழியில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் இங்கே பெருமூச்செறிவர். அவர்கள் அச்சத்தை நாம் அற்பமாக எண்ணவில்லை. ஆங்கில வழிப் பிள்ளையோடு அதே தாளை எழுத வேண்டிய சுமை உண்மையானது. எனினும் வாதத்தைப் பின்தொடரும் திறன் எம்மொழியில் வாய்த்தாலும் மறுமொழிக்கு உதவும். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் தமிழாக்கம் கிடைக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவும் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு அதன் இணையதளத்தில் வைக்கப்பட்டுள்ளன. சட்டத்தின்முன் சமத்துவத்தைக் கூறும் 14-ஆம் உறுப்பைத் தமிழில் வாசித்து, உடனே ஆங்கில மூலத்தை அருகில் வைத்துப் பார்க்கும் பிள்ளை, ஒரே வேளையில் சட்டமும் மொழியும் கற்கிறான். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-இல் திறக்கப்பெற்ற மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எல்லார்க்கும் எட்டுவன அல்ல. மாவட்ட மைய நூலகம் பலர்க்கு எட்டும். ஞாயிறு மாலைத் தொலைக்காட்சிப் படத்தில் பாதியை விட்டுக்கொடுத்தால் வீட்டிலும் ஒன்றரை மணி நேரம் கிட்டும். அவ்வேளையில் பெற்றோரின் கைப்பேசியும் மௌனமாயிருப்பது நீதி.

அண்மை ஆண்டுகளில் இத்தேர்வு டிசம்பர் மாதத்தில், பன்னிரண்டாம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வருகிறது. ஆதலால் பதினொன்றாம் வகுப்பின் முதல் வாரமே வாசிப்பைத் தொடங்க ஏற்ற காலம். திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திற்கும் இத்தேர்வே வாயில். அவ்விடம் கிட்டாதவர், மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு சேர்க்கை நடைபெறும் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்தாண்டுப் பட்டப் படிப்பு அங்கும் உண்டு.