ஒரே மடிக்கணினியில் அலுவலக வலையமைப்பும் இயந்திர வலையமைப்பும்

தொழிற்சாலைகளில் பொதுவாக இரண்டு கணினி வலையமைப்புகள் இருக்கும். மின்னஞ்சல், கணக்கு, இணையம் ஆகியவை ஓடுவது அலுவலக வலையமைப்பு. இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் அவற்றின் தொடுதிரைகளும் இணைந்திருப்பது இயந்திர வலையமைப்பு. பராமரிப்புப் பொறியாளர் பி.எல்.சி.யின் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டே இணையத்தில் கையேட்டைத் தேட வேண்டியிருக்கும். அதற்காக வைஃபையை அலுவலகத்துடனும், ஈத்தர்நெட் கம்பியை இயந்திரத்துடனும் இணைப்பதுண்டு. இதைச் செய்வது எளிது. எளிதாக இருப்பதுதான் இதிலுள்ள சிக்கலும்கூட.

கேட்வே ஒன்றே ஒன்று

முன்வாசல் ஒரு தெருவிலும் கொல்லை வாசல் மற்றொரு தெருவிலும் உள்ள வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வைஃபை முன்வாசல், கம்பி கொல்லை வாசல். இரண்டுக்கும் தனித்தனி ஐ.பி. முகவரி உண்டு. ஒரு தகவலை எந்த வாசல் வழியாக அனுப்புவது என்பதைக் கணினி தன் வழி அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறது. சேரவேண்டிய முகவரி இரண்டு தெருக்களில் ஒன்றில் இருந்தால் அந்த வாசல். இரண்டிலும் இல்லையென்றால், கேட்வே எனப்படும் ரவுட்டரிடம் ஒப்படைத்துவிடும்.

பி.எல்.சி.யின் முகவரி 192.168.10.5 என்று கொள்வோம். மடிக்கணினியின் கம்பி இணைப்புக்கு 192.168.10.200 என்ற முகவரியும் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கும் கொடுத்தால் போதும். கேட்வே கட்டத்தைக் காலியாக விட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே என்று நாங்கள் பள்ளியில் பழக்கியதன் விளைவோ என்னவோ, அதிலும் ஓர் எண்ணை நிரப்பிவிடுகிறார்கள். விண்டோஸ் பெரும்பாலும் வேகமான கம்பி இணைப்புக்கே முன்னுரிமை தருவதால், இணையத்துக்குப் போகவேண்டிய தகவலெல்லாம் இயந்திரத்தின் பக்கம் போய் நின்றுவிடும். கட்டளைச் சாளரத்தில் 'ரூட் பிரிண்ட்' என்று தட்டினால் அட்டவணையைப் பார்க்கலாம், 0.0.0.0 என்று தொடங்கும் வரி ஒன்றுதான் இருக்க வேண்டும்.

கொடுக்கும் முகவரி வேறு கருவிக்கு ஏற்கெனவே தரப்பட்டதாக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் அந்தக் கருவியின் தொடர்பு அறுந்து, ஓடுகிற இயந்திரம் நின்றுபோகலாம். பிங் செய்து பார்ப்பது மட்டும் போதாது, அணைத்து வைத்திருக்கும் கருவி பதில் சொல்லாது. பராமரிப்புப் பிரிவிலுள்ள முகவரிப் பட்டியலைக் கேட்டு வாங்குவதே சரி.

சில அலுவலக மடிக்கணினிகளில் கம்பியைச் செருகியதும் வைஃபை தானாக அணைந்துவிடும். அது பழுதல்ல, வேண்டுமென்றே செய்த அமைப்பு.

இரண்டு ஊர், ஒரே தெருப் பெயர்

192.168 என்று தொடங்கும் முகவரிகள் தனியார் வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை, யாரும் பயன்படுத்தலாம். ஊருக்கு ஊர் காந்தி தெரு இருப்பதுபோல, அலுவலகமும் இயந்திரமும் ஒரே தொடரில் அமைந்துவிடுவதுண்டு. அப்போது எந்தத் தெரு என்று கணினிக்குத் தெரியாது. கேட்வேயைக் காலியாக விட்டும் பயனில்லை. ஒரு பக்கத்தின் தொடரை மாற்றத்தான் வேண்டும்.

ஏன் பிரித்து வைத்தார்கள்?

தொழிற்சாலைகளில் இன்றும் பரவலாக உள்ள மோட்பஸ் நெறிமுறை 1979இல் உருவானது. அதன் வழக்கமான வடிவில் கடவுச்சொல் கிடையாது. வலையமைப்புக்குள் வந்த எவரும் ஒரு மதிப்பை மாற்றி எழுதலாம். கருவி ஏனென்று கேட்காது. பாய்லரின் அழுத்த வரம்பாக அது இருந்தால் என்ன ஆகும்? பிரிப்புதான் இங்கே பூட்டு. இரண்டிலும் இணைந்த மடிக்கணினியில் தீநிரல் புகுந்தால், முன்வாசலில் வந்தது கொல்லை வழியாக இயந்திரத்தை அடைந்துவிடும்.

அலுவலகப் பக்கமிருந்து கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குத் தாவுவது வெறும் கற்பனையல்ல. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மின் விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டு, சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்குச் சில மணி நேரம் மின்சாரம் நின்றது. தாக்கியவர்கள் முதலில் நுழைந்தது ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல் இணைப்பு வழியாக. அங்கே திருடிய கடவுச்சொற்களைக் கொண்டு கட்டுப்பாட்டு வலையமைப்புக்குள் போனார்கள். அங்கே மடிக்கணினி காரணமல்ல. ஆனால் கடந்த எல்லை இதே எல்லைதான்.

ஆகவே விண்டோஸில் இரு இணைப்புகளையும் 'பிரிட்ஜ்' செய்வதோ, 'இணைய இணைப்புப் பகிர்வை' இயக்குவதோ கூடாது. அது இரண்டு வாசலுக்கும் நடுவிலுள்ள சுவரையே இடிப்பதாகும். அன்றாடம் இத்தேவை உள்ள ஆலைகளில் இரண்டுக்கும் நடுவே ஃபயர்வாலும் ஓர் இடைநிலைக் கணினியும் வைத்து, அதன் வழியாக மட்டும் பி.எல்.சி.யை அணுகச் செய்கிறார்கள். செலவு உண்டு; இருந்தாலும் அதுவே முறையானது. அந்த வசதி இல்லாத இடத்தில், கையேட்டை முன்பே பதிவிறக்கிக்கொண்டு, வைஃபையை அணைத்துவிட்டுக் கம்பியைச் செருகுவது நல்லது.

வேலை முடிந்ததும் கம்பியைக் கழற்றி, முகவரியை மீண்டும் 'தானாகப் பெறுக' என்று மாற்றிவிட வேண்டும். மறந்தால் மறுநாள் அலுவலக மேசையில் கம்பியைச் செருகும்போது இணையம் வராது.