ஸ்லைடு தலைப்புலயே முடிவைச் சொல்லுங்க

பிராஜெக்ட் ரிவ்யூ ஸ்லைடுல நாம எல்லாரும் மேலே "ரிசல்ட்ஸ்" என்று போடுவோம். அது தலைப்பு இல்லை, வெறும் லேபிள்.

2003-ல் கொலம்பியா விண்வெளி ஓடம் புறப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத்துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. சேதம் எவ்வளவு இருக்கும் என்று போயிங் இன்ஜினியர்கள் நாசாவுக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். ஒரு ஸ்லைடோட தலைப்பு 'பயப்பட வேண்டாம்' என்கிற தொனியில் இருந்தது. ஆனா பழைய சோதனையில் பயன்படுத்திய துண்டு வெறும் 3 கன அங்குலம், இது 1920. சுமார் 640 மடங்கு! அந்த விஷயம் அடியில, பொடி எழுத்தில் கிடந்தது. பூமிக்குத் திரும்பும்போது ஓடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட 7 பேரும் இறந்தார்கள். ஸ்லைடு மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. ஆனாலும் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடைத் தனியா எடுத்து விமர்சித்தது.

நம்ம ரிவ்யூவில் போறது மார்க்தான். இருந்தாலும் "ரிசல்ட்ஸ்" என்பதை அழிச்சிட்டு, "வெளிச்சம் குறைஞ்சா எங்க மாடல் தடுமாறுது" என்று முழு வாக்கியமா எழுதுங்க. வாயாலும் அதை முதல்ல சொல்லிட்டு, அப்புறம் கிராஃபைக் காட்டுங்க. எக்ஸ்டர்னல் தோண்டி எடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொன்னா, அடுத்த கேள்வி "ஏன்?" என்றுதான் வரும். அதுக்குத் தயாராகறது சுலபம்.

முந்தின நாள் ராத்திரி, தலைப்புகளை மட்டும் வரிசையா ரூம்மேட்டுக்குப் படிச்சுக் காட்டுங்க. அவனுக்குப் புரியலைன்னா அனிமேஷனை விட்டுட்டு வரிசையை மாத்துங்க.