பைன் காட்டு ஒற்றையடிப் பாதையில் மலைச் சைக்கிளோட்டம்

மலைச் சைக்கிளோட்டத்தில் 'சிங்கிள் டிராக்' எனப்படுவது ஒரு சைக்கிள் மட்டுமே செல்லக்கூடிய அகலமுள்ள மண்தடமாகும். தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ஒற்றையடிப் பாதை என்ற பழைய சொல்லே பொருளைச் சரியாகத் தருகிறது. ஜீப் தடத்தில் இருவர் பேசிக்கொண்டே ஓட்டலாம். ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் செல்ல முடியும். முன்னால் செல்பவர் விழுந்தால் பின்னால் வருபவர் ஒதுங்கவும் இடமிருக்காது. இத்தகைய பாதைகள் உலகின் பல மலைப்பகுதிகளில் பைன் காடுகளுக்குள் அமைந்துள்ளன. தமிழ்நாட்டில் உதகமண்டலம், கொடைக்கானல் பகுதிகளிலும் பைன் தோப்புகள் உண்டு. ஆனால் அவற்றுக்குள் சைக்கிள் ஓட்டுவது சட்டப்படி எளிதானதல்ல. அதற்கான காரணங்கள் பின்னர் விளக்கப்படுகின்றன.

தோற்றம்

காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டுவது பழைய வழக்கமே. மலைக்கிராமங்களில் பால்காரரும் தபால்காரரும் எப்போதோ செய்த வேலைதான் அது. விளையாட்டாக அது உருவெடுத்தது 1970-களில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மாரின் கவுண்டியில். அங்கிருந்த இளைஞர்கள் இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய கனமான ஷ்வின் சைக்கிள்களை மலையுச்சிக்குக் கொண்டுசென்று கீழே ஓட்டி இறங்கினர். 1976 அக்டோபர் 21 அன்று 'ரீபேக்' என்ற பந்தயம் முதன்முதலாக நடந்தது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேலான தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறங்க வேண்டும். அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் இருந்தது. ஒருமுறை இறங்கினாலே பின்சக்கர அச்சிலிருந்த கிரீஸ் சூட்டில் எரிந்து புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். 'மறுபடி அடைத்தல்' என்பதே பந்தயத்தின் பெயராயிற்று. அங்கு கேரி ஃபிஷர் இறங்கிய மிகக்குறைந்த நேரம் 4 நிமிடம் 22 நொடி.

ரீபேக் நடந்த தடம் ஒற்றையடிப் பாதையன்று. தீத்தடுப்புக்காக வெட்டிய அகலமான மண்சாலை. இது பலரும் கவனிக்காத செய்தி. 1977-இல் ஜோ பிரீஸ் இவ்வகை ஓட்டத்துக்கென்றே சைக்கிள் சட்டம் கட்டினார். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் பெருமளவில் விற்பனைக்கு வந்தது. சைக்கிள் வலுவடைந்து பிரேக்கும் கியரும் மேம்பட்ட பிறகே ஓட்டுநர்கள் அகலத் தடத்தை விட்டுக் குறுகிய பாதைகளுக்குள் நுழைந்தனர். 1990-இல் கொலராடோவின் டுராங்கோ நகரில் முதல் அதிகாரப்பூர்வ உலகப் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கிராஸ்-கன்ட்ரி பிரிவு சேர்க்கப்பட்டது.

பைன் காட்டுத் தரையின் இயல்பு

பைன் காட்டின் அடியில் புதர் அதிகம் வளர்வதில்லை. மேலே கிளைகள் வெளிச்சத்தை மறைக்கின்றன, கீழே உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோலப் படிகின்றன. அதனால் மரங்களுக்கிடையே தொலைவுவரை பார்க்க முடிகிறது. பாதையை வளைத்து நெளித்து அமைக்கவும் வசதியாகிறது. படத்தில் பார்க்கும்போது எளிதாகத் தோன்றும் இத்தரையில் மூன்று பொறிகள் உள்ளன.

முதலாவது ஊசியிலை. இமயமலையின் சிர் பைன் மூன்று மூன்றாக, 20 முதல் 30 செ.மீ. நீளத்தில் ஊசிகளை உதிர்க்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நடப்பட்ட மெக்சிகோ பைனின் ஊசிகள் மெலிந்து தொங்குபவை. இவை காய்ந்து குவிந்த இடத்தில் டயர் மண்ணைத் தொடுவதே இல்லை. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் ஊசிகளின் மீதுதான் சைக்கிள் நிற்கிறது. வைக்கோல் பரப்பிய களத்தில் ஓடி வழுக்கி விழுந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

இரண்டாவது வேர். மண் ஆழமில்லாத மலைச்சரிவில் பைன் வேர்கள் மேற்பரப்பை ஒட்டிப் படர்கின்றன. சக்கரங்கள் பட்டுப்பட்டுப் பட்டை உரிந்த வேர், மழை பெய்ததும் சோப்புத் தடவிய குழாய்போல ஆகிவிடும். ஊசியிலை மெத்தை அதை மறைத்தும் வைக்கும். மூன்றாவது, உருளும் பைன் காய்கள். பெரிய டயருக்கு இவை பெரும் தடையல்ல. வளைவில் முன்சக்கரத்தின் அடியில் சிக்கினால்தான் வினை.

சைக்கிள்

இன்றைய மலைச் சைக்கிள்களில் 27.5 அல்லது 29 அங்குலச் சக்கரமும், 2.2 முதல் 2.4 அங்குல அகல டயரும், டிஸ்க் பிரேக்கும், முன் ஃபோர்க்கில் 100 முதல் 120 மி.மீ. வரை அமுங்கும் சஸ்பென்ஷனும் பொதுவானவை. புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது டயர் காற்றழுத்தம். சாலையில் ஓட்டுவதுபோல இறுக்கமாக அடித்தால் டயர் ஒவ்வொரு வேரிலும் துள்ளும். உடல் எடையைப் பொறுத்து 20 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை வைத்தால் டயர் தரையின் மேடுபள்ளத்துக்கேற்ப அமுங்கிப் பிடிக்கும். விலையுயர்ந்த சைக்கிளுக்கும் சாதாரணச் சைக்கிளுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியைச் சரியான காற்றழுத்தமே ஈடுகட்டிவிடும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஓட்டும் முறை

இறக்கத்தில் இருக்கையில் உட்காரக்கூடாது. இரு பெடல்களும் தரைக்கு இணையாக இருக்க, அவற்றின்மேல் நின்று, முழங்காலும் முழங்கையும் சற்று மடங்கி, மார்பு தாழ்ந்திருக்க வேண்டும். கைகளும் கால்களும் அப்போது கூடுதல் சஸ்பென்ஷனாக வேலை செய்கின்றன. பயத்தில் உடலைப் பின்னால் இழுப்பது இயல்பு, அதுவே தவறு. எடை பின்னால் போனால் முன்சக்கரம் பிடிமானத்தை இழந்து, திருப்பினாலும் திரும்பாமல் நேராக வழுக்கும்.

டயருக்குத் தரையில் கிடைக்கும் பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது. பிரேக்குக்கு முழுவதையும் செலவழித்தால் வளைவுக்கு ஒன்றும் மிஞ்சாது. எனவே வேகத்தை வளைவுக்கு முன்பே, நேரான பகுதியில் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. 'முன்பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவாய்' என்று சிறுவயதில் கேட்ட எச்சரிக்கையால் பலர் அதைத் தவிர்க்கின்றனர். ஒரு விரலால் மெல்ல அழுத்தினால் அது நம்பகமானது. ஆனால் ஊசியிலைக் குவியலிலும் ஈர வேரிலும் இரண்டு பிரேக்கையும் தொடாமல் கடப்பதே சரி.

வேரைக் கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாகச் சென்றால் சக்கரம் வேரின் நீளவாக்கில் வழுக்கி ஓடும். சாய்வாகக் கடப்பதைத் தவிர்க்க முடியாத இடத்தில், முன்சக்கரத்தின் எடையை ஒரு கணம் குறைத்துத் தூக்கிவிடலாம்.

கண் எங்கே பார்க்கிறதோ சைக்கிள் அங்கே போகும். மரத்தைப் பார்த்துக்கொண்டே 'மோதிவிடக் கூடாது' என்று நினைப்பவர் அந்த மரத்தில்தான் மோதுவார். மரங்களுக்கிடையே உள்ள இடைவெளியை, அதுவும் சில மீட்டர் முன்னதாகவே பார்த்துப் பழக வேண்டும்.

ஏற்றத்தில் இருக்கையின் முன்நுனிக்கு நகர்ந்து, குறைந்த கியரில், சீராக மிதிப்பதே வழி. எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் ஊசியிலையில் சுழன்று நின்றுவிடும். உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. சமவெளியிலிருந்து அன்றே வந்தவருக்கு மூச்சு வாங்குவது உடற்பயிற்சிக் குறைவால் மட்டும் அல்ல.

எதிரெதிரே இருவர் வந்தால் இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். நின்றுவிட்டால் ஏற்றத்தில் மறுபடி மிதிக்கத் தொடங்குவது கடினம். நடந்து வருபவருக்குச் சைக்கிளோட்டுபவர் எப்போதும் வழிவிட வேண்டும். விறகுச் சுமையோ தேயிலை மூட்டையோ தலையில் வைத்து வருபவரிடம் மணியடித்து ஒதுங்கச் சொல்வது எந்த ஊர் முறைப்படியும் தவறு.

பாதை அமைத்தல்

நல்ல ஒற்றையடிப் பாதை தானாக உருவாவதில்லை. மலையின் நேர்ச்சரிவில் இறங்கும் பாதை முதல் பெருமழையிலேயே ஓடையாகிவிடும். சக்கரம் கீறிய கோட்டில் நீர் ஓடும், நீர் மண்ணை அரிக்கும், பள்ளத்தைத் தவிர்க்க அடுத்தவர் பக்கத்தில் ஓட்டுவார், பாதை அகன்றுகொண்டே போகும். இதைத் தடுக்கப் பாதையைச் சரிவின் குறுக்கே அமைக்கின்றனர். பாதையின் சாய்வு, மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது 'பாதி விதி'. மலைச்சரிவு 30 விழுக்காடு எனில் பாதை 15-ஐத் தாண்டக்கூடாது. மொத்தப் பாதையின் சராசரி 10 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. பாதையின் தரையை வெளிப்புறம் லேசாகச் சாய்த்தும், இடையிடையே சிறு மேடு கொடுத்தும் நீரைப் பாதையை விட்டு வெளியேற்றுகின்றனர். ஏரிக்கரையில் கலிங்கல் வைத்த முன்னோரின் அறிவும் இதுவும் ஒன்றே: நீர் போகும் வழியை நாம் தீர்மானிக்காவிட்டால் அது தானே தீர்மானித்துக்கொள்ளும்.

சைக்கிள் மண்ணைக் கெடுக்கிறதா என்ற வழக்கு பழையது. 1994-இல் வெளியான மொன்டானா மலைப்பாதை ஆய்வு ஒன்று நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஆகிய நான்கையும் ஒப்பிட்டது. மண்ணை அதிகம் பெயர்த்தது குதிரைக் குளம்புகளே. எனினும் ஈரமண்ணில் பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கினால் அந்தக் கீறலில் மழைநீர் இறங்கும் என்பதை எந்த ஆய்வும் மறுக்காது.

இந்தியாவில்

இந்தியாவில் இவ்விளையாட்டின் மையம் இமாச்சலப் பிரதேசம். 'எம்.டி.பி. ஹிமாலயா' என்ற பல நாள் பந்தயம் சிம்லாவை மையமாகக் கொண்டு 2005-இல் தொடங்கியது. தேவதாரு, பைன் காடுகளின் ஊடே கிராமத்தார் நடக்கும் பாதைகளே அங்கு பந்தயத் தடங்களாயின. தெற்கில் குறிப்பிடத்தக்க நிகழ்வு, 2023 அக்டோபரில் கேரளத்தின் பொன்முடியில் நடந்த ஆசிய மலைச் சைக்கிள் போட்டி. அங்கு பைன் இல்லை. தேயிலைத் தோட்டச் சரிவில் தடம் அமைக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் நிலை

உதகையில் கூடலூர் சாலையில் காமராஜ் சாகர் அணை அருகிலும், கொடைக்கானலில் குணா குகைக்கு அருகிலும் உள்ள பைன் தோப்புகள் திரைப்படங்களால் புகழ்பெற்றவை. பார்வையாளர் நடந்து சுற்றும் பகுதியைத் தாண்டினால், மலைக்காட்டின் பெரும்பகுதி காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதியின்றி உள்ளே நுழைவது குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா எனில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். 'கூகுள் வரைபடத்தில் பாதை இருக்கிறது' என்பது அனுமதியாகாது.

இந்தக் கண்டிப்பின் பின்னால் ஒரு துயரம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 23 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை முன்பதிவுடன் திறந்தது. அவை வழிகாட்டியுடன் நடப்பவர்களுக்கானவை, சைக்கிளுக்கானவை அல்ல. காய்ந்த பைன் ஊசி எளிதில் தீப்பிடிக்கும். உத்தராகண்டில் கோடைதோறும் பரவும் காட்டுத்தீக்கு அதுவே முக்கிய எரிபொருள். பிப்ரவரிக்குப் பிறகு பைன் தோப்புக்குள் ஒரு பீடித்துண்டும் ஆபத்து.

விலங்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடப்பவரின் பேச்சும் காலடியும் காட்டெருமைக்கு முன்னறிவிப்பாகின்றன. சைக்கிளோ ஓசையின்றி, வேகமாக வளைவைக் கடந்து அதன் முன்னால் போய் நிற்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இது கற்பனையான ஆபத்து அல்ல. விடியற்காலையும் அந்தி வேளையும் ஓட்டத்துக்கு உகந்தவை அல்ல.

பைன் மரம் இம்மலைகளுக்குச் சொந்தமானதும் அல்ல. தென்னிந்தியாவின் இயல்பான கூம்பு மரம் நகேயா என்ற ஓரினம் மட்டுமே. சோலைக்காடும் புல்வெளியுமாக இருந்த உயர்மலைகளில் சீகை, யூகலிப்டஸ், பைன் ஆகியவை தோட்டங்களாக நடப்பட்டன. அந்நிய மரங்களை அகற்றுவது குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்டுள்ளது. 2022-இல் மாநில அரசும் இதற்கெனக் கொள்கை வகுத்தது. இன்று பைன் நிழலில் உள்ள ஒரு பாதை, சில ஆண்டுகளில் திறந்த புல்வெளிப் பாதையாக மாறக்கூடும். சைக்கிளோட்டுபவருக்கு அது இழப்பாகத் தோன்றலாம். நீலகிரியின் ஓடைகளுக்கு அது ஆதாயம். தனியார் தேயிலைத் தோட்டங்களின் உட்பாதைகளில், உரிமையாளர் அனுமதியோடு ஓட்டுவதே இப்போதைக்கு நடைமுறைக்கு ஏற்ற வழி.

சமவெளியில் பயிற்சி

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் வேலை செய்யும் இளைஞர் பலரிடம் மலைச் சைக்கிள் உண்டு, மலைதான் இல்லை. அங்குள்ள வடக்குப்பட்டு போன்ற ஊர்களிலிருந்து உதகை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ஒற்றையடிப் பாதைக்கான பழக்கத்தை அங்கேயே பெறலாம். ஏரிக்கரையின் மேல் உள்ள குறுகிய தடம் பார்வையை முன்னே நிறுத்திச் சமநிலையில் ஓட்டக் கற்றுத்தரும். கரைச்சரிவில் ஏறி இறங்கினால் பிரேக் கட்டுப்பாடு வரும். மழைக்காலத்தில் மட்டும் அதைச் செய்யக்கூடாது, கரை ஊர்ச்சொத்து. வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்த மேட்டின் மீதும் சைக்கிளை ஏற்றக்கூடாது. அங்கே மண்ணுக்கடியில் கற்காலக் கருவிகள் வரை கிடைத்துள்ளன. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்துக் கம்பெனிப் பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும், எந்த மலை இறக்கத்தையும்விட ஆபத்தானவை.

இப்பகுதியில் பைன் ஊசிக்குப் பதில் சீமைக் கருவேல முள். ஒரு காலையில் மூன்று பஞ்சர் இயல்பு. டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றி ஓட்டினால் சிறு துளைகள் தானாக அடைபடும். முள்ளை உடனே பிடுங்காமல், துளை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பிடுங்க வேண்டும். திரவம் துளைக்கு வந்து உறையும்.

மலைக்குச் செல்லும்போது சைக்கிளை ரயிலின் லக்கேஜ் வேனில் பதிவுசெய்து அனுப்பலாம். சென்னை சென்ட்ரலிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் சேர்கிறது. அங்கிருந்து உதகைக்குச் சாலைவழியே ஏறுபவர் சுமார் 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். முதல்முறை செல்பவர் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு போவது நல்லது. கால்வலியோடு பைன் வேர்களின் மேல் இறங்கக்கூடாது. வேனுக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே முதல் உதகை, கொடைக்கானல் செல்லும் வெளியூர் மோட்டார் வாகனங்களுக்கு அது கட்டாயம்.