பல்லாவரத்துக் கல்லும் பாறை வகைகளும்

அம்மியும் ஆட்டுக்கல்லும் வாயிற்படியும் கோயில் தூணும் நமக்குக் 'கருங்கல்' என்னும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. நிலவியலார்க்கோ அப்பெயருக்குள் வேறுவேறு பாறைகள் பல உள. நிறமும் கடினமும் கொண்டு நாம் பெயரிட, அவர்கள் இக்கல் எவ்வாறு பிறந்தது என வினவுகின்றனர்.

பாறை என்பது கனிமங்கள் செறிந்து இறுகிய திரள் ஆகும். பிறப்பினால் அது மூவகைப்படும். உருகிய பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகியது தீப்பாறை. நிலத்தடியில் மெல்லக் குளிரின் பெரும்படிகங்கள் அமைந்து கிரானைட்டு உண்டாகும். வெளியே வழிந்து விரைந்து குளிரின் நுண்படிகப் பசால்ட்டு உண்டாகும். மணலும் சேறும் சிப்பியும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது படிவுப்பாறை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கடலுயிர்களின் எச்சங்கள் கிடைப்பது, அந்நிலம் ஒருகாலத்தில் கடலடியில் கிடந்ததற்குச் சான்று. முன்னரே உள்ள பாறை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும், உருகாமலேயே, வேறொன்றாக மாறின் அஃது உருமாறிய பாறை. சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாவது இவ்வாறே.

இப்பகுப்பு ஏட்டில் எளிது. மலையில் அத்துணை எளிதன்று. சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கல்லையே எடுத்துக்கொள்வோம். கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஜாப் சார்னாக் 1693இல் மறைந்தார். கல்கத்தாவில் உள்ள அவரது கல்லறைக் கல்லைத் தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலறிஞர் ஆராய்ந்தார். அது பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறையோடு ஒத்திருக்கக் கண்டு, 1893இல் அவ்வகைக்குச் 'சார்னோகைட்டு' எனப் பெயரிட்டார். மண்ணின் பெயர் பெற்றிருக்க வேண்டிய கல், மறைந்தவர் ஒருவரின் பெயரைத் தாங்கி உலக நூல்களில் உலவுகிறது! மாமல்லபுரத்துச் சிற்பங்கள் செதுக்கப்பெற்றதும் இவ்வினக் கல்லிலேயே.

குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் கலந்த இக்கல், பார்வைக்குக் கருமை படர்ந்த கிரானைட்டுப் போன்றது. ஹாலந்தும் இதனைத் தீப்பாறை என்றே கொண்டார். ஆயின் இதனுள் ஹைபர்ஸ்தீன் என்னும் கனிமம் உளது. நீர்ச்சத்து அருகிய சூழலில், மிகு வெப்பத்தில் உருவாவது அது. புவியோட்டின் ஆழத்தில் பழைய பாறை உருமாறியே இக்கல் தோன்றியிருக்கலாம் எனப் பின்வந்தோர் வாதிட்டனர். வழக்கு நெடுங்காலம் நீண்டது. பாறைக்குழம்பிலிருந்து நேரே படிகமானவை சில, உருமாறியவை சில என இன்று இருவழியையும் ஏற்கின்றனர்.

உருமாற்றத்தைக் கண்ணாற் காணக் கர்நாடகத்தின் கப்பால்துர்காவைச் சுட்டுவர். அங்குள்ள கல்குவாரியில், வெளிர்நிற நைஸ் பாறையினூடே கருந்திட்டுகளாகச் சார்னோகைட்டு படர்ந்துள்ளது. நைஸின் வரிகள் அத்திட்டுகளை நெருங்குகையில் மங்கி, உள்ளே மறைந்துபோகின்றன.